குளிர்ந்து கிடக்கும் வரவேற்பறை: வக்வா வாசகி ஒருவருக்கு மறுமொழி

கேள்வி: "மொரீஷியஸின் வக்வா நகரில் வசிக்கிறோம். என் மாமனார் 1980களில் கட்டிய கான்கிரீட் வீட்டைச் சென்ற ஆண்டு புதுப்பித்தோம். சுவருக்கு வெள்ளை, தரைக்கு வெளிர்சாம்பல் டைல், கூரையில் எல்.இ.டி. குழல்விளக்குகள், சாம்பல் நிறச் சோபா என்று எல்லாவற்றையும் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். இப்போது அறை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் போல் இருக்கிறது. குஷன்கள், செயற்கைப் பூக்கள், பீங்கான் பொம்மைகள், பெரிய கடிகாரம் என்று வாங்கிச் சேர்த்தும் பயனில்லை. புரட்டாசியில் கோவிந்தன் விரதத்தையொட்டி ஏழு கறி விருந்துக்கு உறவினர்களை அழைத்தோம். சாப்பிட்டதும் எல்லாரும் வராந்தாவுக்கும் சமையலறைக்கும் போய்விட்டார்கள். 78 வயதான என் மாமியார் அந்த அறையில் உட்காருவதே இல்லை. சன்னல் வடக்கே சாலையைப் பார்த்திருப்பதால் தடித்த திரை போட்டு மூடியே வைத்திருக்கிறோம். சோபா தென்கிழக்குச் சுவரோரம் உள்ளது. அதன் பின்னால் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. மாமியாரின் பிரம்பு நாற்காலியையும் குத்துவிளக்கையும் பழைய பாணி என்று உள்ளறையில் வைத்துவிட்டோம். இனி 40,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க இயலாது. எதை வாங்கலாம்? தொலைக்காட்சி உள்ள சுவருக்குச் சுவர்த்தாள் ஒட்டினால் அறை மாறுமா?"

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

தங்கள் கடிதத்தில் நிறங்களையும் பொருட்களையும் பற்றிய வரிகளைவிட, விருந்து முடிந்ததும் உறவினர்கள் எழுந்துபோன இடங்களைப் பற்றிய வரியே எனக்கு அதிகம் சொல்லியது. வராந்தாவிலும் சமையலறையிலும் அவர்களுக்குக் கிடைத்து, வரவேற்பறையில் கிடைக்காதது எது என்று யோசித்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். சமையலறை சிறியது, அடுப்பின் வெம்மை சற்று நேரம் தங்கும், நிற்பவரும் உட்கார்ந்திருப்பவரும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார்கள், பேச்சு தெளிவாகக் கேட்கும். வராந்தாவில் பகல் வெளிச்சம் உண்டு, தெருவில் போவோர் வருவோரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தாங்கள் வரவேற்பறைக்கென்று வாங்கிய பூக்கள், பொம்மைகள், கடிகாரம் ஆகிய அனைத்தும் கண்ணுக்கானவை. காலுக்கும் கைக்கும் முதுகுக்கும் காதுக்கும் அந்த அறையில் இன்னும் ஒன்றும் செய்யப்படவில்லை. ஆகவே கையிலுள்ள தொகையின் பெரும்பகுதியை உடல் தொடும் இடங்களில் செலவிடுங்கள், பார்வைக்காக மட்டும் வைத்தவற்றைக் குறையுங்கள் என்பதே என் ஆலோசனை. இனி எழுதுவதெல்லாம் அதன் விரிவே.

காதிலிருந்து தொடங்குகிறேன். அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ஓசை உடனே அடங்காமல் கணகணவென்று இழுத்துக்கொண்டு போனால், அந்த அறையில் எதிரொலி மிகுதி என்று பொருள். கான்கிரீட் சுவரும் கூரையும், டைல் தரையும், சன்னல் கண்ணாடியும் ஒலியை உள்வாங்காமல் திருப்பி அனுப்புகின்றன. ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு சொல்லின் கடைசி ஓசை அடுத்த சொல்லின் மேல் விழுந்து இரண்டும் கலங்கிவிடும். இளையவர்கள் இதைச் சமாளித்துக்கொள்வார்கள். எழுபதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் காது சற்று மந்தப்பட்டவர்களுக்கு, இத்தகைய அறையில் பேச்சைப் பின்தொடர்வதே பெரும் களைப்பு. தங்கள் மாமியார் அங்கே உட்காராமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். அவரிடமே பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். வீட்டு அலங்காரம் பற்றிப் பேசுவோரில் பலர் செவியைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்கு நீண்டகால வருத்தம். நிறைய மடிப்புகள் விழும் துணித்திரை, தடித்த தரைவிரிப்பு, துணி உறையிட்ட இருக்கைகள், புத்தகங்கள் அடுக்கிய திறந்த அலமாரி ஆகியவை ஒலியை அடக்கும். தங்கள் அறைக்குத் துணி வேண்டும் என்று நான் சொல்வது அழகுக்காக மட்டும் அன்று.

ஆனால் துணி வாங்குவதற்கு முன் ஈரத்தைப் பார்த்தாக வேண்டும், ஏனெனில் ஈரச் சுவருக்கு அருகில் வைக்கும் நல்ல துணியும் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சை வாடை பிடித்துவிடும். 1960 ஆம் ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரி இறுதியில் கேரல் என்று அடுத்தடுத்து வந்த சூறாவளிகள் மரமும் ஓலையும் தகரமுமான வீடுகளைப் பெருமளவில் அழித்த பிறகு, இந்தத் தீவு கான்கிரீட் வீட்டுக்கு மாறியது. அந்த வீடுகள் காற்றுக்கு ஈடுகொடுத்து நம்மைக் காத்துவருகின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் வக்வா, கியூர்பிப் போன்ற மேட்டுநிலப் பகுதிகளில் குளிர்காலத்தில் வெளிச்சுவர்கள் நாள் முழுவதும் குளிர்ந்தே இருப்பதால், மூச்சிலிருந்தும் சமையலிலிருந்தும் எழும் ஈரம் அவற்றின் உட்பக்கத்தில் படிகிறது. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று தூறலைக் கொண்டுவந்து அடிப்பதும் தங்கள் தென்கிழக்குச் சுவரின் மேல்தான். அதையொட்டிச் சோபாவை வைத்துக் காற்றோட்டத்தையும் அடைத்துவிட்டால் கரும்புள்ளி தோன்றுவதில் வியப்பில்லை. சோபாவை அந்தச் சுவரிலிருந்து விலக்கி வேறு பக்கம் திருப்புங்கள். இடமில்லையெனில் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள். புள்ளிகளைச் சோப்பு நீரால் கழுவி, நன்றாக உலரவிட்டு, வெளிப்பூச்சில் விரிசல் உண்டா, மொட்டைமாடித் தளத்தின் நீர்க்காப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு கொத்தரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தைக் களையாமல் புள்ளியின் மேல் வண்ணம் பூசுவது வீண் செலவு.

அடுத்தது, மூடிக் கிடக்கும் அந்த வடக்குச் சன்னல். நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 பாகையில் இருக்கிறோம். ஜூன், ஜூலை மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கு வானில் சாய்ந்து நிற்கும். ஜூன் இறுதியில் அதன் உயரம் 46 பாகை அளவுதான் என்பதால் வெயில் வடக்குச் சன்னல் வழியாக அறைக்குள் இறங்கும். டிசம்பரிலோ சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே போய்விடுவதால் அதே சன்னல் வழியாக நண்பகல் வெயில் உள்ளே வராது. குளிரும்போது தந்து, புழுங்கும்போது நிறுத்திக்கொள்ளும் இப்படியொரு சன்னலைத் தாங்கள் ஆண்டு முழுவதும் மூடி வைத்திருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் அச்சாகும் வீட்டுக் குறிப்புகள் குளிர்கால வெயிலுக்குத் தெற்குச் சன்னலைச் சொல்லும்; அங்கே அது முற்றிலும் சரி, இங்கே திசை எதிராகிவிடுகிறது. சாலையில் போவோர் பார்ப்பார்கள் என்ற தயக்கத்துக்கு இரட்டைத் திரை போதும். கண்ணாடியை ஒட்டி மெல்லிய வெள்ளைப் பருத்தித் திரை ஒன்று பகல் முழுவதும் தொங்கட்டும். வெளிச்சம் வரும், உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். அதற்கு முன்னால், உள்துணி வைத்துத் தைத்த கனமான திரை பகலில் இரு பக்கமும் ஒதுங்கி நின்று, விளக்கேற்றும் நேரத்தில் மூடப்படட்டும்.

அந்தக் கனத்த திரையில் கஞ்சத்தனம் வேண்டாம். திரைக்கம்பியைச் சன்னல் சட்டத்துக்கு 15 முதல் 20 செ.மீ. மேலேயும், இரு பக்கமும் 20 செ.மீ. கூடுதலாகவும் நீட்டிப் பொருத்தினால் திறக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காது, சன்னலும் பெரிதாகத் தோன்றும். துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் மூடியபோது மடிப்பே விழாமல் தட்டையாகத் தொங்கும், எதிரொலியும் அடங்காது. ஈரத்துணியால் தரை துடைக்கும் வீடுகளில் திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஒரு செ.மீ. உயர்ந்தே நிற்கட்டும். காத்ர் போர்ன் நகரச் சந்தையில் வியாழக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் துணிக்கடைகள் போடுவார்கள். பொறுமையாகத் தேடினால் திரைக்கேற்ற கெட்டித் துணி அங்கே கிடைக்கும். பருத்தியாக இருந்தால் தைக்கக் கொடுப்பதற்கு முன் நனைத்து உலர்த்திவிடுங்கள். இல்லாவிடில் முதல் சலவையிலேயே சுருங்கித் தரையைவிட்டு மேலேறி நிற்கும்.

தரைவிரிப்பைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அறையின் வெப்பநிலை ஒன்றே என்றாலும், டைல் காலின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்வதால் மரத்தைவிடவும் துணியைவிடவும் குளிர்ச்சியாகப் படுகிறது. வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கும் நம் குடும்பங்களில் அறையைப் பற்றிய முதல் தீர்ப்பைச் சொல்வது உள்ளங்கால்தான். அறையின் நடுவே சிறு விரிப்பைப் போட்டால் அது தனித்து நின்று அறையையும் சிறிதாக்கும். சோபாவின் முன்கால்களும் நாற்காலிகளின் முன்கால்களும் அதன் மேல் நிற்குமளவுக்குப் பெரிதாக, இடமிருந்தால் 200க்கு 300 செ.மீ. அளவில் வாங்குங்கள். கடலோர வீடுகளில் அழகாக விளங்கும் சணல், கற்றாழை நார் விரிப்புகளை மேட்டுநில வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவை நாற்றமடிக்கும். கம்பளி சிறந்தது. விலை கட்டுப்படியாகாவிட்டால் கெட்டியான பருத்தி ஜமக்காளம் நல்ல தேர்வு: துவைக்கலாம், வெயிலில் காயவைக்கலாம். உறவினர் யாரேனும் தமிழ்நாட்டுக்குப் போய்வந்தால் பவானி ஜமக்காளம் ஒன்று கேளுங்கள். அதன் சிவப்பும் பச்சையுமான பட்டைகள் தங்கள் சாம்பல் தரையின் மேல் உயிரோடு நிற்கும். அடியில் தடித்த ஃபெல்ட் விரிப்பும், வழுக்காத ரப்பர் வலையும் அவசியம். 78 வயதுக்காரர் நடமாடும் வீட்டில் விரிப்பின் ஓரம் நடைபாதையில் வரவே கூடாது.

விளக்குகளைப் பொறுத்தவரை, தங்கள் குழல்விளக்குகளின் பெட்டியில் 6500 கெல்வின் என்றோ பகல் ஒளி என்றோ அச்சிட்டிருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த நீலவெண்மை கணக்கு எழுதும் மேசைக்குப் பொருந்தும். மாலை நேரத்து முகங்களுக்குப் பொருந்தாது. 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான, மஞ்சள் சாயல் கொண்ட பல்புகளை, நிற வெளிப்பாட்டு எண் (CRI) 90க்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். அந்த எண் தாழ்ந்த பல்பின் கீழ் மனிதத் தோலும், கறியின் மஞ்சளும் சிவப்பும் மங்கித் தெரியும். கூரை விளக்கைச் சுத்தம் செய்யும் வேளைக்கென்று வைத்துக்கொண்டு, மாலையில் வெவ்வேறு உயரங்களில் மூன்று விளக்குகளை எரியவிடுங்கள்: சோபாவின் அருகே ஒன்று, எதிர்மூலையில் ஒன்று, மாமியாரின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்று. அந்த மூன்றாவது விளக்குக்கு 800 லுமென் பல்பு, அதாவது பழைய 60 வாட் பல்பின் வெளிச்சம், வேண்டும். வயதாக ஆகக் கண்ணுக்கு அதிக ஒளி தேவைப்படுகிறது. துணிக்கூண்டின் கீழ்விளிம்பு உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருந்தால் பல்பு கண்ணில் குத்தாது. பொத்தான் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இப்போது அந்த நாற்காலி. அதை உள்ளறையில் வைத்ததுதான் தங்கள் புதுப்பித்தலில் என்னை மிகவும் வருத்திய செய்தி. 1735 இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொனே, போர்ட் லூயிஸைக் கட்டியெழுப்பப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்த காலந்தொட்டு, இந்தத் தீவின் மரவேலையில் தமிழர் கை இருந்துவருகிறது. பிரம்பு பின்னிய இருக்கை காற்றோட்டமானது, உடலுக்கு இசைந்து கொடுப்பது, சாம்பல் சோபாவின் அருகே மரத்தின் பழுப்பைக் கொண்டுவந்து சேர்ப்பது. மொகாவில் 1830 இல் கட்டப்பட்ட யுரேகா மாளிகைக்கு ஒருமுறை மாமியாரையும் அழைத்துக்கொண்டு போய்வாருங்கள். சுற்றிலும் வராந்தாவும் நூற்றுக்கும் மேற்பட்ட கதவுகளும் கொண்ட அந்த வீட்டில் மரமும் வெளிச்சமும் எவ்வாறு சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை நேரில் காணலாம்.

நாற்காலியின் பின்னல் தொய்ந்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். அதைக் கவிழ்த்து வைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் பின்னலின் அடிப்பக்கம் நன்றாக ஊறும்படி ஒற்றியெடுங்கள். மேற்பக்கம் வழவழப்பாக இருப்பதால் நீரை ஏற்காது. பிறகு யாரும் உட்காராமல் ஓர் இரவும் பகலும் நிழலில் உலரவிடுங்கள். உலரும்போது நார்கள் சுருங்கி இறுகும். விரலால் தட்டினால் விறைப்பு தெரியும். இழைகள் அறுந்திருந்தால் மட்டும் பின்னுபவரிடம் கொடுக்க வேண்டும். மரச்சட்டத்துக்குத் தேன்மெழுகு தடவித் துணியால் தேயுங்கள். அந்த நாற்காலியைச் சோபாவுக்கு எதிரே, வடக்குச் சன்னலின் வெயில் விழும் இடத்தில், சற்றே சாய்வாகப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு அல்லது இரண்டரை மீட்டர் தூரம் இருந்தால் குரலை உயர்த்தாமல் பேசலாம். எல்லா இருக்கைகளும் தொலைக்காட்சியையே பார்த்திருக்கும் அறையில் விருந்தினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை.

குஷன்களைப் புதிதாக வாங்க வேண்டாம். உறையை மட்டும் மாற்றுங்கள். மாமியார் கட்டி நைந்துபோன சுங்குடிச் சேலையோ கைத்தறிச் சேலையோ இருந்தால், அவர் மனமுவந்து கொடுத்தால், அதுவே சிறந்த உறைத்துணி. பலமுறை துவைத்த பருத்தியின் மென்மை எந்தக் கடையிலும் கிடைக்காது. 45 செ.மீ. உறைக்குள் 50 செ.மீ. திண்டை நுழைத்தால் உப்பி நிற்கும். மூன்று அல்லது நான்கு போதும். உட்காருபவர் குஷனை நகர்த்தி இடம் தேட வேண்டிய நிலை வரக் கூடாது.

பீங்கான் பொம்மைகளில் மனத்துக்கு நெருக்கமான இரண்டைத் தவிர மற்றவற்றை எடுத்துவிடலாம். செயற்கைப் பூக்களையும் அவ்வாறே. தங்கள் மேட்டுநிலத்திலேயே வளரும் அந்தூரியம் பூவை வெட்டி நீரில் வைத்தால் இரண்டு வாரம் வரை வாடாமல் நிற்கும். இரண்டு தண்டும் ஓர் இலையும் ஒரு மேசைக்குப் போதுமானவை. கொசு முட்டையிடாதபடி நீரை அடிக்கடி மாற்றுங்கள். குத்துவிளக்கைப் புளியால் துலக்கி, உள்ளே நுழைபவரின் கண்ணில் முதலில் படும் இடத்தில், திரைத்துணியிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள். ஏற்றாத நாளிலும் பித்தளை பக்கத்து விளக்கின் ஒளியை வாங்கி அறைக்குத் திருப்பித் தரும். குடும்பப் படங்களைப் பலர் மிக உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். படத்தின் நடு, தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. கடிகாரம் சமையலறைக்குப் போகட்டும். சுவரின் நிறத்தை மாற்ற இப்போது பணம் செலவிட வேண்டாம். விளக்கு மாறினாலே அந்த வெள்ளை மாறித் தெரியும்.

செலவைப் பொறுத்தவரை, முதலில் சுவரின் பழுதுக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியில் பெரும்பகுதியைத் திரைக்கும் விரிப்புக்கும், எஞ்சியதை விளக்குகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பழுது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால் விரிப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். விளக்கையும் திரையையும் தள்ள வேண்டாம். நவம்பர் முதல் மே நடுப்பகுதி வரை சூறாவளிப் பருவம் என்பதால், சன்னலோரத்தில் எதை வைத்தாலும் எச்சரிக்கை வந்ததும் ஒருவரே எளிதில் தூக்கி உள்ளே கொண்டுபோகக் கூடியதாக இருக்க வேண்டும்.

இறுதியாகச் சுவர்த்தாள். தொலைக்காட்சி உள்ளது வெளிச்சுவரா, இரண்டு அறைகளுக்கு இடைப்பட்ட சுவரா என்று தாங்கள் எழுதவில்லை. வெளிச்சுவர் என்றால் ஒட்டவே வேண்டாம்; பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளுக்குப் பின்னால் ஈரம் அடைபட்டு, கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை பரவும். இடைச்சுவர் என்றால் ஒட்டுவதில் தீங்கில்லை. ஆனால் அதனால் அறையின் எதிரொலியோ குளிர்ச்சியோ குறையாது. அந்தச் சுவர் வெறுமையாக இருப்பது உறுத்தினால், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு மரக்கம்பியை மாட்டி, சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நிற்கும்படி, கெட்டியான கைத்தறித் துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஒலியை அது அடக்கும். ஈரம் பட்டால் கழற்றி வெயிலில் காயப்போடலாம்.